மருந்து கொடுத்த சுண்டெலியில் டிஎன்ஏ உற்பத்தி: எந்த லேபிளை நம்புவது?

சைட்டராபின், ஜெம்சிடபின், ஜிடோவுடின் மாதிரி ஒரு நியூக்ளியோசைடு ஒப்புமை மருந்தை, அதாவது டிஎன்ஏவின் கட்டுமானப் பொருளைப் போலவே இருந்து செல்லை ஏமாற்றும் மருந்தை, சுண்டெலிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் டிஎன்ஏ உற்பத்தி எவ்வளவு குறைந்தது, எப்போது மீண்டது என்று தெரிய வேண்டும். அளப்பதற்கு லேபிள்கள், அதாவது புதிய டிஎன்ஏவில் சேர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளப் பொருள்கள், உண்டு. கதிரியக்க ஹைட்ரஜனான டிரிடியம் ஏற்றிய தைமிடின் (டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்று) இருக்கிறது, தைமிடினைப் போலச் செய்யப்பட்ட பிஆர்டியூ இருக்கிறது, இடியூ இருக்கிறது. கேஐ-67 போன்ற புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கலாம். கனநீர் கொடுத்தும் அளக்கலாம். இவற்றில் எதை எடுப்பது?

பெரும்பாலும் இந்த முடிவு ஃப்ரீசரில் எந்தக் கிட் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எடுக்கப்படுகிறது. மருந்து எதுவும் கொடுக்காத விலங்கு என்றால் அதில் பெரிய தவறில்லை. நியூக்ளியோசைடு மருந்து கொடுத்த விலங்கில் நிலைமை வேறு. பிஆர்டியூவும் இடியூவும் தாங்களே நியூக்ளியோசைடு ஒப்புமைகள். மருந்தைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கடத்திப் புரதம், அதற்குப் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்கள், கடைசியில் அதை இழையில் கோக்கும் பாலிமரேஸ் என்று மருந்து போகும் வழியில்தான் லேபிளும் பெரும்பாலும் போகிறது. அந்த வழியில் மருந்து எங்கே கைவைத்தாலும் லேபிளின் அளவு மாறிவிடும். அதை அப்படியே டிஎன்ஏ உற்பத்தியின் மாற்றம் என்று படித்துவிடுகிறோம். ஆகவே முதலில் மருந்தின் பாதை, பிறகு லேபிள். இந்த வரிசை மாறினால் கட்டுரையின் முடிவே தலைகீழாகப் போகலாம் என்பது என் உறுதியான கருத்து.

தைமிடினின் கதையிலிருந்து தொடங்கினால் இது புரியும். டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமிடிலேட்டை (ஒரு பாஸ்பேட் ஏறிய தைமிடின்) செல் இரண்டு வழிகளில் பெறுகிறது. ஒன்று, டீஆக்ஸியுரிடிலேட்டிலிருந்து தைமிடிலேட் சின்தேஸ் என்ற என்சைம் மூலம் தானே செய்துகொள்வது. இன்னொன்று, இரத்தத்தில் மிதக்கும் தைமிடினை உள்ளே இழுத்து, தைமிடின் கைனேஸ்-1 மூலம் பாஸ்பேட் ஏற்றிப் பயன்படுத்துவது. டிரிடியம் தைமிடின், பிஆர்டியூ, இடியூ மூன்றுமே இந்த இரண்டாவது வழியில்தான் வருகின்றன. ஒரு வீட்டுத் தொட்டிக்கு மாநகராட்சிக் குழாயிலிருந்தும் கிணற்று மோட்டாரிலிருந்தும் தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். கிணற்றில் சாயத்தைக் கலந்துவிட்டு, தொட்டித் தண்ணீரின் நிறத்தை வைத்து வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் போடுகிறோம். குழாயை யாராவது மூடிவிட்டால் தொட்டி முழுக்கக் கிணற்று நீராகி நிறம் கூடும். அந்த நேரத்தில் வீட்டுச் செலவு குறைந்தேகூட இருக்கலாம்.

ஃபுளாக்ஸியுரிடின் செய்வது சரியாக இதைத்தான். இந்த மருந்தும், உடலில் இதே பொருளாக மாறக்கூடிய 5-ஃபுளூரோயுராசிலும் தைமிடிலேட் சின்தேஸை இறுகப் பிடித்து முடக்குகின்றன. சொந்த உற்பத்தி நின்றதும் செல் வெளித் தைமிடினைத் தேடுகிறது. அப்போது டிரிடியம் தைமிடினோ பிஆர்டியூவோ கொடுத்தால், மருந்து பெற்ற திசுவில் லேபிள் குறையாமல் இருக்கலாம், கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் கூடவும் செய்யலாம். குரோமோசோம் ஆய்வாளர்கள் பிஆர்டியூ நன்றாக ஏறட்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் ஃபுளாக்ஸியுரிடினைச் சேர்ப்பது பழைய வழக்கம். இதே மருந்தின் விளைவை அளக்கப் போகும்போது மட்டும் அந்த அறிவு மறந்துபோகிறது. பெட் ஸ்கேனிலும் இது தெரியும். ஃபுளூரின்-18 ஏற்றிய ஃபுளூரோதைமிடின் என்ற ஸ்கேன் லேபிள் டிஎன்ஏவுக்குள் அதிகம் போவதில்லை. தைமிடின் கைனேஸ்-1 அதற்குப் பாஸ்பேட் ஏற்றியதும் செல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. தைமிடிலேட் சின்தேஸ் முடங்கிய சில மணி நேரங்களில் கட்டியில் இந்த லேபிள் குறையாமல் பளிச்சென்று ஏறுவதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜிடோவுடினின் சிக்கல் வேறு திசையில் இருக்கிறது. 1964-ல் ஜெரோம் ஹார்விட்ஸ் புற்றுநோய் மருந்தாக உருவாக்க முயன்றது இது. 1987-ல் எச்ஐவிக்கு எதிராக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதற்கு முதல் பாஸ்பேட்டை ஏற்றுவது அதே தைமிடின் கைனேஸ்-1தான். இரண்டாவது பாஸ்பேட்டை ஏற்ற வேண்டிய தைமிடிலேட் கைனேஸ் இதோடு மெதுவாகவே வேலை செய்கிறது. அதனால் ஒற்றைப் பாஸ்பேட் வடிவம் செல்லுக்குள் தேங்கி, அந்தக் கைனேஸையும் மறிக்கிறது. பிஆர்டியூவுக்கும் இடியூவுக்கும் இதே இரண்டு வாசல்கள்தான். ஆகவே ஜிடோவுடின் கொடுத்த எலியின் மஜ்ஜையில் பிஆர்டியூ குறைந்தால், டிஎன்ஏ உற்பத்தி குறைந்ததா, வாசலில் நெரிசலா என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

சைட்டராபின் இவ்வளவு தொல்லை தருவதில்லை. கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் வெர்னர் பெர்க்மன் கண்டெடுத்த, அராபினோஸ் சர்க்கரை கொண்ட விசித்திரமான நியூக்ளியோசைடுகள் காட்டிய வழியில் வந்து, 1969-ல் அமெரிக்க அனுமதி பெற்ற மருந்து அது. அதற்குப் பாஸ்பேட் ஏற்றுவது டீஆக்ஸிசைட்டிடின் கைனேஸ். தைமிடின் வகை லேபிள்கள் போகும் கைனேஸ் வேறு, எனவே நேரடிப் போட்டி இல்லை. முப்பாஸ்பேட் வடிவம் இழையில் கோக்கப்பட்டதும் அடுத்த எழுத்தைச் சேர்ப்பது பாலிமரேஸுக்குக் கடினமாகிறது, இழை நீள்வது மந்தமாகிறது.

ஜெம்சிடபினுக்கும் பாஸ்பேட் ஏற்றுவது அதே டீஆக்ஸிசைட்டிடின் கைனேஸ்தான். ஆனால் அதன் இருபாஸ்பேட் வடிவம் ஆர்என்ஏவின் கட்டுமானப் பொருள்களை டிஎன்ஏவுக்கு உரியவையாக மாற்றும் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற என்சைமை முடக்கி, டிஎன்ஏவுக்கு வேண்டிய டீஆக்ஸிநியூக்ளியோடைடுகளின் இருப்பையே குலைக்கிறது. அதன் முப்பாஸ்பேட் இழையில் சேர்ந்தபின் இன்னும் ஒரே ஒரு நியூக்ளியோடைடு சேர்ந்து அதோடு நின்றுபோகும். பிழை திருத்தும் என்சைம்களாலும் அதை எளிதில் வெட்டி எடுக்க முடியாது. செல்லின் சொந்த இருப்பு குறையும்போது வெளியிலிருந்து வரும் லேபிளின் பங்கு கூட வாய்ப்புண்டு. எனவே ஜெம்சிடபின் ஆய்வில் லேபிள் காட்டும் வீழ்ச்சி உண்மை வீழ்ச்சியைவிடச் சிறியதாகத் தெரியலாம்.

சரி, இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிரிடியம் தைமிடின்தான் மூத்தது. 1957-ல் டெய்லர், வுட்ஸ், ஹியூஸ் மூவரும் அவரை வகைச் செடியின் வேர்நுனியில் இதை ஏற்றி, குரோமோசோம் பாதிப் பழையது பாதிப் புதியதாக இரட்டிக்கிறது என்று காட்டினார்கள். டிரிடியம் வெளியிடும் எலக்ட்ரான்கள் பலவீனமானவை, திசுவில் சராசரியாக ஒரு மைக்ரான்கூடப் போவதில்லை. அதனால் ஸ்லைடின் மேல் பூசிய பிலிம் குழம்பில் எந்த உட்கருவில் லேபிள் ஏறியது என்பது துல்லியமாகப் பதியும். அதற்காக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இருட்டில் காத்திருக்க வேண்டும். இதன் உண்மையான பலம் எண்ணில் இருக்கிறது. திசுவை அரைத்து, அமிலத்தில் டிஎன்ஏவை வீழ்படிவாக்கி, ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவுக்கு எத்தனை கதிரியக்கச் சிதைவுகள் என்று சின்டிலேஷன் கவுண்டரில் எண்ணிவிடலாம். லேபிளும் இயற்கையான தைமிடின்தான், அணு எடை மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே பாலிமரேஸ் வேற்றுமை பார்ப்பதில்லை. கதிரியக்க அனுமதி, கழிவு அகற்றல், தனி அறை இவையெல்லாம் இன்று பெரிய தடைகள்; இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் தொட முடியாது. ஏற்கெனவே வசதி இருக்கும் ஆய்வகத்தைத் தவிர வேறு யாருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபுளாக்ஸியுரிடின் வகை மருந்தை ஆராய்பவருக்கு டிரிடியம் தைமிடினையும் டிரிடியம் டீஆக்ஸியுரிடினையும் தனித்தனிக் குழுக்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் முறை மிகவும் பயன்படும். டீஆக்ஸியுரிடின் டிஎன்ஏவுக்குள் போக வேண்டுமென்றால் தைமிடிலேட் சின்தேஸைக் கடந்தாக வேண்டும். அந்த என்சைம் முடங்கியிருந்தால் தைமிடின் ஏறும், டீஆக்ஸியுரிடின் இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் டிஎன்ஏ உற்பத்தியே சரிந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். வைட்டமின் பி12, ஃபோலேட் குறைபாட்டு இரத்தசோகையை மஜ்ஜைச் செல்களில் கண்டுபிடிக்க இதே தர்க்கத்தில் அமைந்த டீஆக்ஸியுரிடின் ஒடுக்கச் சோதனை நெடுநாள் பயன்பாட்டில் இருந்தது.

பிஆர்டியூவுக்கு 1982-ல் ஹோவர்ட் கிராட்ஸ்னர் ஓரினப் பிறபொருளெதிரியை, அதாவது மோனோகுளோனல் ஆன்டிபாடியை வெளியிட்டதும் கதிரியக்கத்தின் காலம் முடியத் தொடங்கியது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 மி.கி. வரை வயிற்றறையில் ஊசி போடுவது பரவலான வழக்கம். ஓரிரு மணி நேரத்தில் உடல் அதை அழித்துவிடும், எனவே கிடைப்பது ஒரு குறுகிய நேரத்தின் பதிவு. பாரஃபின் கட்டைகளிலும் நன்றாக வேலை செய்கிறது, விலையும் கட்டுப்படியாகும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவுகள் ஏராளம். குறை என்னவென்றால், ஆன்டிபாடி பிஆர்டியூவைப் பார்க்க டிஎன்ஏவின் இரட்டை இழை பிரிய வேண்டும். அதற்கு 2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, சூடோ, டிஎன்ஏ வெட்டும் என்சைமோ வேண்டும். அமிலம் மற்ற புரதங்களைச் சேதப்படுத்தும். ஒரே ஸ்லைடில் செல் வகையையும் அடையாளம் காண வேண்டுமென்றால் தலைவலி. அமில நேரம் ஸ்லைடுக்கு ஸ்லைடு கொஞ்சம் மாறினாலும் ஒளிர்வின் அளவு மாறிவிடும்.

இந்தக் கடைசிக் குறை மருந்து ஆய்வில் மற்றவர்கள் நினைப்பதைவிடப் பெரியது. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். சைட்டராபின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால், எஸ் கட்டத்தில், அதாவது டிஎன்ஏவை இரட்டிக்கும் கட்டத்தில், இருக்கும் செல்களின் எண்ணிக்கை உடனே குறையாது. சில சமயம் கூடும். ஏனென்றால் உள்ளே வந்த செல்கள் வெளியே போக முடியாமல் அங்கேயே ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தில் செய்யும் டிஎன்ஏ மட்டும் குறைகிறது. லேபிள் ஏறிய உட்கருக்கள் நூற்றுக்கு எத்தனை என்று மட்டும் எண்ணினால், மங்கலாக ஏறியதும் ஒன்று, பளிச்சென்று ஏறியதும் ஒன்று. மருந்து எதுவும் செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். ஆகவே எத்தனை செல்கள் என்பதோடு ஒரு செல்லில் எவ்வளவு என்பதையும் அளக்கும் முறை வேண்டும். அதற்கு ஒளிர்வின் அளவு ஸ்லைடுக்கு ஸ்லைடு நிலையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் இடியூ முன்னுக்கு வருகிறது. 2008-ல் ஏட்ரியன் சாலிக்கும் திமத்தி மிட்சிசனும் அறிமுகப்படுத்திய இந்த லேபிளில் ஆல்கைன் என்ற ஒரு சிறிய வேதித்தொகுதி தொங்குகிறது. தாமிரத்தின் உதவியோடு அசைடு கொண்ட ஒளிர்சாயம் அதோடு நேரடியாகப் பிணைகிறது. 2022-ல் வேதியியல் நோபல் பெற்ற கிளிக் வேதியியல் இதுதான். சாய மூலக்கூறு சிறியது, இரட்டை இழைக்குள் தானே நுழைந்துவிடும், அமிலம் தேவையில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடியும், தடித்த திசுத் துண்டுகளிலும் உள்ளே போகும். மஜ்ஜை, மண்ணீரல் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து இடியூவையும் மொத்த டிஎன்ஏ அளவையும் சேர்த்து, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் ஃபுளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால், எஸ் கட்டத்தின் எந்தப் பகுதியில் செல்கள் தேங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று இரண்டும் ஒரே படத்தில் தெரியும். சைட்டராபினுக்கும் ஜெம்சிடபினுக்கும் என் தேர்வு தயக்கமில்லாமல் இதுதான்.

இடியூவிடம் கவனிக்க வேண்டியவையும் உண்டு. அதன் ஒற்றைப் பாஸ்பேட் தானே தைமிடிலேட் சின்தேஸை முடக்கக்கூடியது. டிஎன்ஏவில் நெடுநேரம் தங்கினால் சேதச் சமிக்ஞைகளைக் கிளப்பும். ஊசி போட்டு ஒன்று இரண்டு மணி நேரத்தில் திசுவை எடுப்பதென்றால் சிக்கல் இல்லை. லேபிள் ஏறிய செல்கள் நாலு நாள் கழித்து எங்கே போயின என்று தேடுவதற்கு இது ஏற்றதல்ல, ஏற்கெனவே மருந்தால் அடிபட்ட செல்லில் இன்னும் மோசம். தாமிரம் பச்சை ஒளிர்புரதத்தையும் சில சாயங்களையும் மங்கவைக்கும். அப்புறம், பிஆர்டியூவையும் இடியூவையும் அடுத்தடுத்துக் கொடுத்து இரட்டை லேபிள் செய்பவர்கள் ஆன்டிபாடியைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல பிஆர்டியூ ஆன்டிபாடிகள் இடியூவையும் பிடிக்கும்.

கேஐ-67க்கு ஊசியே வேண்டாம் என்பதால் பலருக்கும் ஆசை. 1983-ல் ஜெர்மனியின் கீல் நகரில் கண்டறியப்பட்ட இந்தப் புரதம் பிரிவுச் சுழற்சியில் இருக்கும் செல்லில் எல்லாக் கட்டங்களிலும் இருக்கும், ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. சைட்டராபினால் எஸ் கட்டத்தில் சிக்கிய செல்லும் கேஐ-67 சாயத்தில் ஆரோக்கியமான செல் போலவே தெரியும். எனவே டிஎன்ஏ உற்பத்திக்கான அளவுகோலாக இதைத் தனியாக எடுக்கவே கூடாது. இடியூவுக்குத் துணையாக எடுத்தால் அருமை. கேஐ-67 இருக்கிறது, இடியூ இல்லை என்றால் செல் சுழற்சியில் இருக்கிறது, டிஎன்ஏ செய்யவில்லை என்று பொருள். செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸுக்குப் பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3, டிஎன்ஏ இழைச் சேதத்துக்கு காமா எச்2ஏஎக்ஸ் என்ற இரண்டு அடையாளப் புரதங்களுக்கான சாயங்களையும் பக்கத்துத் துண்டுகளில் போட்டால் படம் இன்னும் தெளியும்.

கனநீர் முறையை நம் ஆய்வகங்களில் அதிகம் பேசுவதில்லை. டியூட்டீரியம் கலந்த நீரை முதலில் ஊசியாகவும் பிறகு குடிநீரிலும் கொடுத்தால், செல் தானே செய்யும் டீஆக்ஸிரைபோஸ் சர்க்கரையில் டியூட்டீரியம் ஏறும். டிஎன்ஏவைப் பிரித்து, பியூரின் நியூக்ளியோசைடுகளின் சர்க்கரையில் அது எவ்வளவு என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கிறார்கள். தைமிடின் கைனேஸ் என்ற வாசலையே இது தொடுவதில்லை. ஆகவே ஜிடோவுடின் ஆய்வில் எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை. நாள்கணக்கில், வாரக்கணக்கில் மருந்து கொடுக்கும் ஆய்வுக்கும் பொருத்தம். எந்தச் செல்லில் ஏறியது என்று இது காட்டாது, மணிக்கணக்கில் நடக்கும் மாற்றங்களும் தெரியாது, கருவி இல்லாத ஊரில் வேறு யாரிடமாவது மாதிரியை அனுப்ப வேண்டும். ஜெம்சிடபினுக்கு இதை எடுக்கவும் தயங்குவேன். சொந்தமாகச் செய்யும் சர்க்கரை டிஎன்ஏவுக்கு வர வேண்டுமென்றால் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸைக் கடந்தாக வேண்டும், மருந்து அந்த இடத்தில்தான் நிற்கிறது.

கனநீர் வசதியில்லாமல் ஜிடோவுடினை ஆராய்பவர்கள் என்ன செய்வது? இடியூவைக் கொடுங்கள், ஆனால் மருந்து தந்து சில மணி நேரத்துக்குள் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் மருந்து வடிந்த பிறகு கொடுத்து, மொத்த டிஎன்ஏ அளவை வைத்து எஸ் கட்டச் செல்களை லேபிள் இல்லாமலும் எண்ணுங்கள். இரண்டு எண்களும் ஒரே திசையில் போனால் எழுதலாம். ஃபுளாக்ஸியுரிடினுக்கும் லேபிள் இல்லாத அந்த எண்ணிக்கைதான் முதுகெலும்பு, இடியூவின் ஒளிர்வை அங்கே வேக அளவாகப் படிக்கவே கூடாது.

எந்த லேபிளை எடுத்தாலும் திசுவின் இயல்பு கணக்கில் வர வேண்டும். சுண்டெலியின் சிறுகுடல் குழிகளில் செல்கள் அரை நாளுக்கு ஒருமுறை அளவில் பிரிகின்றன, குடலின் உள்வரிச் செல்படலம் மூன்று முதல் ஐந்து நாளில் புதுப்பிக்கப்படுகிறது. மருந்தின் அடி அங்கே முதலில் தெரியும், மீட்சியும் வேகமாக நடக்கும். ஒற்றை வேளை சைட்டராபின் வடிந்ததும் தேங்கிய செல்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் மட்டும் அளந்தால் மருந்து டிஎன்ஏ உற்பத்தியைக் கூட்டுகிறது என்றுகூடத் தோன்றும். குறைந்தது நாலைந்து நேரப் புள்ளிகள் இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை. குடலில் டிஎன்ஏ உற்பத்தி பகலிரவுக்கு ஏற்ப ஏறி இறங்குவதால் எல்லாக் குழுக்களையும் ஒரே கடிகார நேரத்தில் முடிக்க வேண்டும். மருந்து கொடுத்த விலங்கு தீனியைக் குறைக்கும், பட்டினியே குடல் செல் பிரிவைக் குறைக்கும். ஆகவே அதே அளவு தீனி மட்டும் கொடுத்த ஒரு கட்டுப்பாட்டுக் குழு அவசியம்.

வளர்ந்த விலங்கின் கல்லீரலில் பிரியும் செல்கள் மிகக் குறைவு, அங்கே எந்த லேபிளும் ஒன்றும் காட்டாது. கல்லீரலில் மருந்தின் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்து மறுவளர்ச்சியைத் தூண்டும் பழைய அறுவை முறை இருக்கிறது. பெரிய எலியில் சுமார் 24 மணி நேரத்திலும் சுண்டெலியில் அதைவிடத் தாமதமாகவும் டிஎன்ஏ உற்பத்தி உச்சத்துக்கு வரும்.

உட்கரு அமைதியாக இருக்கும் திசுவிலும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ இரட்டித்துக்கொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன ஐந்து வழிகளும் வழக்கமாகச் செய்யப்படும் விதத்தில் இதைக் காட்டுவதில்லை. 1993-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபியாலுரிடின் என்ற நியூக்ளியோசைடு மருந்தை ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்தார்கள். ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். முன்பு செய்த விலங்குச் சோதனைகள் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோகும் கடத்தி மனிதர்களில் அங்கே இருக்கிறது, சுண்டெலியில் இல்லை என்பது ஒரு காரணமாகப் பின்னால் தெரிய வந்தது. ஆகவே ஜிடோவுடின் போன்ற நீண்டநாள் மருந்தை ஆராய்பவர்கள், கல்லீரல், இதயம், தசை மூன்றிலும் ஒரு துண்டை ஃபார்மலினில் போடும் முன்பே திரவ நைட்ரஜனில் உறையவைத்து விடுங்கள். அதில் உட்கரு டிஎன்ஏவோடு ஒப்பிட்டு மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் பிரதிகளை, டிஎன்ஏவைப் பெருக்கி அளவிடும் க்யூபிசிஆர் முறையில் எண்ணலாம். பிரதி எண்ணிக்கை மாறாமலே செயல் கெடுவதும் உண்டு என்பதால், மைட்டோகாண்ட்ரியா கெட்டால் இரத்தத்தில் கூடும் லாக்டேட்டையும் அதே நாளில் பார்த்துக் குறித்துவையுங்கள்.